பச்சை விளக்கு எரிந்தது

குழாய் வேலை செய்கிறவர்கள் மத்தியில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. சொட்டு என்றால்தான் தெரியும். ஒரு வேலை முடிந்ததும் குழாய் இணைப்புக்கு அடியில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு, வீட்டுக்காரரைப் பார்த்து, "ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விழுந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்பார். முப்பத்தாறு வருஷமாக விழவில்லை என்பது அவர் சொல்கிற கணக்கு. தலைமுடி கொட்டிப்போன பிறகு சில குறும்புக்காரர்கள் சொட்டை என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் ஸ்பானரைத் தேடத் தொடங்கியதும் பழைய பேரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நல்ல மனிதர்தான். சத்தம் போடுவார், ஆனால் வேலையில் ஏமாற்ற மாட்டார். யாராவது "தண்ணியே வரல, நீங்க போட்ட குழாய் சரியில்ல" என்று சண்டைக்கு வந்தால், "முதல்ல வால்வு திறந்திருக்கான்னு பாருங்க, அப்புறம் ஆளைத் திட்டுங்க" என்பார். பத்துக்கு ஏழு தடவை வால்வு மூடித்தான் இருக்கும். ஊருக்கெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொன்ன மனிதர், தன் வீட்டில் அதைச் செய்யாமல் விட்டார் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அவரிடம் இன்னொரு குறையும் உண்டு. "தெரியாது" என்ற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. தலைகீழாக நின்றாலும் வராது.

வீடு ஒடுக்கமான, நீளமான வீடு. பின்பக்கம் சமையலறை, அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. முன்பக்கம் மாடியில் ஒரே ஒரு அறை. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. மாடி அறையில் அவருடைய அக்கா இருந்தார். அக்கா ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜைமேல் ஒரு பித்தளை மணி வைத்திருந்தாராம். அதை ஒரு தட்டு தட்டினால் பியூன்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடி வருவார்களாம். இந்தக் கதையைத் தம்பி குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். குழாய் ஒழுகி வழுக்கவில்லை, சோப்பு நுரையில்தான் வழுக்கியது என்பதைத் தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அக்காவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "எலும்பு உடைஞ்சது எனக்கு. நான் நிரபராதின்னு வாதாடறது நீயா?" என்றார்.

அதற்கப்புறம் அக்காவால் படி இறங்க முடியவில்லை. கைத்தடியோடு கட்டிலில் இருந்து குளியலறை வரை போவார், ஜன்னல் வரை போவார், அவ்வளவுதான். ஐந்து மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற மகள், "அம்மா, இங்க வந்துடு, இங்க படியே இல்ல" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். "என் கட்டில் இங்க இருக்கு, என் ஜன்னல் இங்க இருக்கு, சண்டை போட என் தம்பி இங்க இருக்கான். அங்க வந்து நான் என்ன பண்றது?" என்று அக்கா மறுத்துவிட்டார். தம்பிக்கு அதைக் கேட்க உள்ளுக்குள் பெருமை. வெளியில், "ஆமா, என் தலையெழுத்து" என்று முணுமுணுத்துக்கொள்வார்.

சிக்கல் என்னவென்றால், மாடியில் இருந்து அக்கா கத்தினால் பட்டறையில் கேட்காது. இடையில் இத்தனை சுவர். போதாததற்குக் குழாய் அறுக்கிற மெஷின் சத்தம். செல்போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மூன்று போனைத் தண்ணீரில் போட்ட மனிதர் அவர். நாலாவதைப் பயந்துபோய் முன்னறை அலமாரி இழுப்பறையில் வைத்துப் பூட்டாத குறை. ஒரு நாள் காற்றில் ஜன்னல் கொக்கி உடைந்து, கதவு மூட முடியாமல் திறந்துகொண்டு சாரல் கட்டில்மேல் அடித்தது. அக்கா ஒரு மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். தம்பி சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது அக்கா நனைந்த போர்வையோடு சுவர் ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வாரம்தான் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ஒரு கடையில் கைகழுவும் தொட்டி ஒழுகுகிறதென்று கூப்பிட்டார்கள். போய்ச் சரி பண்ணிவிட்டு வழக்கம்போல உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். கடையை நடத்துகிற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். எந்நேரமும் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி. சுவர் முழுக்கக் கொக்கிகளில் சின்னச் சின்னப் பைகள் தொங்கின. புதிதாகப் பழகுகிறவர்கள் தாங்களே பற்றவைத்துச் செய்து பார்க்கிற சாமான்கள். கண் சிமிட்டுகிற விளக்கு ஒன்று, குருவிச் சத்தம் ஒன்று, அழைப்பு மணி ஒன்று.

"இதையெல்லாம் யாரும்மா வாங்குறாங்க?" என்று கேட்டார்.

"பொழுதுபோக்குக்குத்தாண்ணா. நீங்களும் பண்ணலாமே, நீங்க பத்தவைக்கிற ஆள்தானே?"

"நான் தாமிரக் குழாயைப் பத்தவைக்கிறவன். இது என்ன, எறும்புக் கால்" என்று சிரித்துவிட்டு, கண் சிமிட்டுகிற விளக்கையும் அழைப்பு மணியையும் எடுத்துக்கொண்டார். பற்றவைக்கிற சூட்டுக்கோலான சால்டரிங் அயர்னும் ஈயக் கம்பியும் அந்தப் பெண்ணே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். "இந்தக் கம்பிக்கு உள்ளேயே மருந்து இருக்குண்ணா. வேற எதையும் தடவாதீங்க" என்று அப்போதே சொன்னாள்.

முதல் விளக்கு படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. குழாய்க்குக் காட்டுகிற சூட்டை, விளக்கின் காலைச் செருகிப் பற்றவைக்கிற சின்னப் போர்டுக்குக் காட்டினார். அடியில் ஒட்டியிருந்த தாமிரப் பட்டை உரிந்து கையோடு வந்தது. விளக்குக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. ஏதோ தயாரிப்பில் தவறு என்று நினைத்து இரண்டையும் சமமாக நறுக்கிவிட்டார். நீளக் கால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கடைக்குக் கொண்டுபோனபோது அந்தப் பெண் பூதக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"அண்ணா, இது ஜாயின்ட் இல்ல. சும்மா உருண்டை. மேல உக்காந்திருக்கு, ஒட்டவே இல்ல." ஊசியால் ஒரு தட்டு தட்டினாள். ஈய உருண்டை கழன்று மேஜையில் ஓடியது. சொட்டுவுக்கு முகம் சிவந்துபோயிற்று. முப்பத்தாறு வருஷத்தில் அவர் வைத்த இணைப்பு ஒன்று பிறர் கண்ணெதிரே கழன்றது அன்றைக்குத்தான். அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்: அயர்ன் முனையைச் சுத்தமாக வை, காலையும் பட்டையையும் சேர்த்துச் சூடாக்கு, அப்புறம்தான் ஈயத்தைக் காட்டு. "தெரியும், தெரியும்" என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து அழைப்பு மணிப் போர்டில் உட்கார்ந்தார். மறுபடியும் உருண்டை. முனை கருத்துப்போய் ஈயம் அதில் பிடிக்கவே மாட்டேன் என்றது. நாலு இணைப்புக்குள் மண்டை காய்ந்துவிட்டது. அப்போதுதான் அலமாரியில் இருந்த தகர டப்பா கண்ணில் பட்டது. குழாய் பற்றவைக்கிற பேஸ்ட். தாமிரத்தில் இருக்கிற களிம்பை அரித்து எடுத்துவிட்டு ஈயத்தைப் பிடிக்க வைக்கிற காரமான சரக்கு. ஒரு தீக்குச்சியால் தொட்டு எல்லா இடத்திலும் தடவினார். ஒயர் முனைகளையும் டப்பாவிலேயே ஒரு முக்கு முக்கினார். அயர்னை வைத்ததும் ஈயம் தண்ணீராக ஓடியது. பதினெட்டு இணைப்பும் பளபளவென்று வந்தன. "இதுக்கா இவ்வளவு பாடு!" என்று தானே தொடையில் தட்டிக்கொண்டார்.

மறுநாள் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அவருக்கு அதைக் காட்டாமல் இருக்க முடியுமா?

"அட, எப்படிண்ணா?" என்று அந்தப் பெண் கண்ணை விரித்தாள்.

"கை பழகிடுச்சு."

"வேற எதுவும் தடவலையே?"

"சேச்சே."

அந்த ஒரு "சேச்சே"தான். "ஆமாம்மா, என்கிட்ட இருந்த பேஸ்ட்டைத் தடவினேன்" என்று சொல்லியிருந்தால் அவள் அங்கேயே கழுவிக் கொடுத்திருப்பாள். ஐந்து நிமிஷ வேலை. கொஞ்சம் சிரித்திருப்பாள், அவ்வளவுதானே? அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ஒரு பொய் சொன்னார்.

மணியை மாட்டினார். அக்காவின் கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி. அது கடையில் இருந்தே முழுதாக வந்தது, திருகாணியால் ஒயரை முடுக்கினால் போதும். அதில் ஒரு பொத்தான், பொத்தானுக்கு மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு. மின்சாரமும் அங்கேயே சுவரில் இருந்து. அங்கிருந்து ஒயர் படிக்கட்டு ஓரமாக இறங்கிப் பட்டறைக்கு வரும். பட்டறைச் சுவரில் அவர் பற்றவைத்த போர்டும் ஒலிப்பானும் அடங்கிய பெட்டி. மாடியில் அழுத்தினால் கீழே கூரை அதிரக் கத்தும். ஆனால் அந்தச் சத்தம் மாடிக்குக் கேட்காது. அதனால்தான் பச்சை விளக்கு வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார்.

"அழுத்துக்கா" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினார். சத்தம் கேட்டதும் இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடி வந்து, மூச்சிரைக்க, "அடிக்குதுக்கா! பிரமாதமா அடிக்குது!" என்றார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பித்தளை மணி திரும்பக் கிடைத்துவிட்டது.

"இதோ பாரு, இந்தப் பச்சை லைட் எரிஞ்சா கீழ மணி அடிக்குதுன்னு அர்த்தம். எரிஞ்சுதா, நான் வந்துட்டே இருக்கேன்னு வெச்சுக்கோ."

இதையும் அவர்தான் சொன்னார்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. நன்றாக என்றால், அக்காவுக்கு நன்றாக. கண்ணாடியைக் காணோம் என்று ஒரு மணி. ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஒரு மணி. தபால்காரர் வந்தாரா என்று ஒரு மணி. தம்பி ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தார். ஒரு நாள் காலையில் இருந்து மத்தியானத்துக்குள் எட்டுத் தடவை. ஒரு பெரிய கட்டடத்துக்குக் குழாய் அளவெடுத்து அறுத்துக்கொண்டிருந்தார், எட்டுத் தடவையும் அளவு தவறியது. ஒன்பதாவது தடவை மணி அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. அடிக்குதான்னு பார்த்தேன்."

அவ்வளவுதான். "மணி அடிச்சா ஓடி வர நான் என்ன உன் ஆபீஸ் பியூனா? வேலை வெட்டி இல்லாதவனா? உனக்குப் பொழுது போகலைன்னா நான்தான் கிடைச்சேனா?" என்று வாய்க்கு வந்தபடி கத்தித் தீர்த்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "சரி. இனிமே இந்த மணியைத் தொட மாட்டேன்" என்றார்.

"தொடாதே. எனக்கும் நிம்மதி."

அன்று மத்தியானம் மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. பட்டறையில் அளவெல்லாம் சரியாக வந்தது. ஆனால் அவருக்குக் காது என்னவோ சுவர்ப்பக்கமே இருந்தது. 'என்ன வீம்பு பாரேன். அப்படியே இருக்கட்டும், எத்தனை நாளைக்குன்னு பார்க்கலாம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மூன்று வேளையும் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போவார். "சாப்பாடு" என்பார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தட்டை வைத்துவிட்டு இறங்குவார். பிறகு போய்க் காலித் தட்டை எடுத்து வருவார். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரே அறையில், நாலடி தூரத்தில்.

பத்தாம் நாள் வாசலில் கார் வந்து நின்றது. அக்காவின் மகள் இறங்கினாள். "அம்மா போன் பண்ணாங்க மாமா. கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க" என்றாள். 'வேண்டாம், விட்டுட்டுப் போம்மா' என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "அவங்க இஷ்டம்" என்றது. அக்காவை நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். பையை அவரே காரில் வைத்தார். அக்கா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் அவர் பதிலுக்கு முறைத்திருப்பார். கோபமாக இல்லை, அசந்துபோன பார்வை. அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் காரின் கதவை அழுத்திச் சாத்தினார்.

"பத்து நாள்ல கொண்டாந்து விட்டுடும்மா" என்று மகளிடம் சொன்னார். அவள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

ஐந்து மாதம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவார். "அம்மா தூங்கறாங்க மாமா", "அம்மா குளிக்கறாங்க மாமா." எந்த நேரத்தில் பண்ணினாலும் அக்கா தூங்கினார் அல்லது குளித்தார். மாடி அறையை அவர் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார், கட்டில் விரிப்பைக்கூட மாற்றியிருந்தார். அக்கா வந்துவிடுவார் என்றுதான் இருந்தார்.

ஒரு வாடிக்கைக்காரர் வீட்டில் மேல்தொட்டி நிரம்பி வழிகிறது, நிரம்பினால் கத்துகிற மாதிரி ஒரு மணி வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். "முடியுமாவா?" என்று சொட்டு கிளம்பிவிட்டார். பட்டறைச் சுவரில் சும்மா கிடக்கிற பெட்டி நினைவுக்கு வந்தது. அதன் ஒலிப்பானை வைத்து முதலில் மாதிரி ஒன்று செய்து பார்க்கலாம் என்று மூடியைக் கழற்றினார். ஒயரை லேசாகத் தொட்டார். சிவப்பு ஒயர் கையோடு வந்துவிட்டது.

முனையில் பச்சைப் பொடி. போர்டு முழுக்க, பளபளவென்று மின்னிய அந்தப் பதினெட்டு இணைப்பைச் சுற்றியும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஒயரின் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் சீவினார். ஒரு விரல் நீளத்துக்கு உள்ளே தாமிர இழைகள் கருத்து, தொட்டால் உதிர்ந்தன. மீட்டரின் ஊசி முனை இரண்டையும் வைத்துப் பார்த்தார். இணைப்பு இருந்தால் மீட்டர் பீப் என்று சொல்லவேண்டும். எங்கே வைத்தாலும் அது வாயைத் திறக்கவில்லை. இது இன்று நேற்று அறுந்ததல்ல என்பது அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. எந்தக் குழாய் எப்போது அரித்தது என்று களிம்பைப் பார்த்தே சொல்கிறவர் அவர்.

அப்போதும் புத்தி ஒரேயடியாக அங்கே போகவில்லை. மேலே இருக்கிற பெட்டியும் போய்விட்டதா பார்க்கலாம் என்றுதான் மாடி ஏறினார். கட்டில் பக்கத்தில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பொத்தானை அழுத்தினார்.

பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

சிவப்பு ஒயர் கீழே அவர் மேஜைமேல் அறுந்து கிடக்கிறது. இங்கே விளக்கு எரிகிறது. விரலை எடுத்தார், அணைந்தது. மறுபடி அழுத்தினார், எரிந்தது. மேலே இருக்கிற விளக்குக்கும் கீழே இருக்கிற மணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அழுத்தினால் எரியும், அவ்வளவுதான். 'எரிஞ்சுதா, நான் வந்துட்டே இருக்கேன்னு வெச்சுக்கோ.' கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீ அடிச்சியா?" என்று காலி அறையில் சத்தமாகவே கேட்டுவிட்டார்.

போர்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். பூதக்கண்ணாடியை இறக்கவே தேவைப்படவில்லை அந்தப் பெண்ணுக்கு.

"அண்ணா, குழாய்க்குப் போடற பேஸ்ட்டா?"

"ஆமாம்மா. அன்னிக்கு உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "குழாய்ல தண்ணி ஓடும்ணா, மிச்சம் இருக்கறதைக் கழுவிட்டுப் போயிடும். இங்க எது ஓடும்? இருந்த இடத்துலயே உக்காந்து அரிச்சுக்கிட்டே இருக்கும்" என்றாள். புதுப் போர்டு ஒன்று கொடுத்தாள். அவர் அங்கேயே, அவள் மேஜையில், அவள் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். "தெரியாதும்மா, இன்னொரு தடவை காட்டு" என்று இரண்டு தடவை கேட்டார். அந்த வார்த்தை ஒருவழியாக அவர் வாயில் வந்துவிட்டது. ஏழு மாதம் பிந்தி வந்தது.

மறுநாளே பஸ் ஏறினார். பழைய போர்டு, அரித்த ஒயர், புதுப் போர்டு மூன்றையும் பையில் வைத்துக்கொண்டார். போகிற வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனார். விஷயம் தெரிந்தால் அக்கா திட்டுவார், திட்டிவிட்டுப் பெட்டி படுக்கையைக் கட்டச் சொல்வார் என்று நம்பினார். மனிதருக்கு நம்பிக்கை மட்டும் குறையவே இல்லை.

மகளின் வீட்டில் அக்காவின் கட்டில் கூடத்து மூலையில், சமையலறைக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. அக்கா இளைத்திருந்தார். பேச்சு மட்டும் இளைக்கவில்லை. "வா. வழி தெரிஞ்சுதா?" என்றார்.

அவர் பையைத் திறந்து பழைய போர்டைக் கட்டில்மேல் வைத்தார். "அக்கா, இது கீழ இருந்த மணி. ஒயர் உள்ளயே அரிச்சு அறுந்துபோச்சு. நீ அடிச்சது எனக்குக் கேக்கவே இல்லக்கா."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "லைட் எரிஞ்சுதேடா" என்றார்.

"எரியும். நீ அழுத்தினாலே அது எரியும். கீழ அடிக்குதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. நான்தான் உன்கிட்டத் தப்பா சொல்லிக் கொடுத்துட்டேன்."

"சண்டை போட்டதுக்கு மூணாம் நாள் மழை வந்துச்சு. உன் சட்டையெல்லாம் வாசல் கொடியில காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஜன்னல்ல இருந்து பார்த்தேன். வீம்பா இருக்கறதாவது ஒண்ணாவதுன்னு மணியை அழுத்தினேன். லைட் எரிஞ்சுது. நீ வரல."

அவருக்கு நினைவு வந்தது. ஆறு சட்டையும் நனைந்து தொங்கின. பிழிந்து போடும்போது, மாடியில இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அக்காவைத்தான் திட்டினார்.

"அப்புறம் தினமும் சாயங்காலம் ஒரு தடவை. எரியும். நீ வர மாட்டே. கேட்டுட்டும் உக்காந்திருக்கான், நான் அவ்வளவு பாரமாயிட்டேன்னு நினைச்சேன்."

"நீ வீம்புக்கு அடிக்காம இருக்கேன்னு நான் நினைச்சேன்க்கா." அவர் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து போர்டுமேல் விழுந்தது. துடைக்கவில்லை. "அந்தப் பேஸ்ட்டைத் தடவினது என் தப்பு. கடைக்காரப் பொண்ணு தடவாதேன்னு சொல்லுச்சு. நான் கேக்கல. அது காரம், அது ஒயரை உள்ளுக்குள்ளயே..."

அக்கா கையை உயர்த்தினார். அலுவலகத்தில் பேச்சை நிறுத்த உயர்த்துகிற அதே கை. "போதும்டா. ஒயர் அரிச்சுப்போச்சு, ஒத்துக்கறேன். மூணு வேளையும் தட்டைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்தியே. ஏன்க்கா மணி அடிக்கலைன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

அவர் போர்டை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"நானும் கேக்கல. ஏன்டா வரலைன்னு நானும்தான் கேக்கல. அதையும் சொல்லிடறேன்." அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அதுக்கு எந்த ஒயரும் வேண்டியதில்லடா."

அவர் புதுப் போர்டை எடுத்துக் காட்டி, "வந்துடுக்கா. புதுப் போர்டு பண்ணியிருக்கேன். இந்தத் தடவை ஒழுங்கா பத்தவெச்சிருக்கேன். ரூம் அப்படியே இருக்கு" என்றார்.

"இனிமே அந்தப் படியில என்னைத் தூக்கிக்கிட்டு ஏற யாராலயும் முடியாது. எனக்கும் ஆசையில்ல. கோவம் இல்லடா, நிஜமாத்தான் சொல்றேன். அந்த ஆசை போயிடுச்சு, அவ்வளவுதான்."

"அப்ப இங்கயாவது மாட்டித் தரேன். கட்டில் பக்கத்துல."

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், "பாப்பா, மாமாவுக்குக் காபி" என்றார். "இதோம்மா" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"பார்த்தியா? இங்க கூப்பிட்டா கேக்குது" என்றார் அக்கா.

காபி குடித்தார். அக்கா அவர் கையைப் பிடித்து, நகத்தடியில் இருந்த ஈயக் கறையைப் பார்த்து, "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். அது திட்டில்லை, பழைய குரல்தான். அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது. பையில் எதை எடுத்து வந்தாரோ அத்தனையையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். பக்கத்து இருக்கைக்காரர் "என்ன சார் சாமான்?" என்று கேட்டதற்கு, "மணி" என்றார்.

மறுநாள் காலையில் புதுப் போர்டைப் பட்டறைச் சுவரில் மாட்டினார். அரித்த ஒயரை எடுத்துவிட்டுப் புது ஒயர் இழுத்தார். யாருக்காக என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அவருக்குப் பழக்கமில்லை. மீட்டரை வைத்தார், ஒவ்வொரு இடத்திலும் பீப் என்றது. பிறகு மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

பச்சை விளக்கு எரிந்தது. கீழே மணி அடிக்கிறதா இல்லையா என்று இங்கிருந்து தெரியாது. பொத்தானை அழுத்தியபடியே நிற்க அதன்மேல் ஒரு டேப்பை ஒட்டிவிட்டு இறங்கிப்போய்ப் பார்த்திருக்கலாம், பட்டறையில் பத்து வகை டேப் இருக்கிறது. போகவில்லை. விரலை எடுக்காமல் படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் ஏறி வரவில்லை.